எழுத்து தெரிகிறது, வாசிக்க வரவில்லை: தொடக்க வகுப்புத் தமிழில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அ முதல் ஔ வரை தடங்கலின்றி ஒப்பிக்கும் குழந்தை, கரும்பலகையில் 'படம்' என்று எழுதிக் காட்டினால் திகைத்து நிற்கும். பல பள்ளிகளில் இரண்டாம் வகுப்பிலும் இதுதான் நிலை. இதைக் குழந்தையின் மந்தம் என்று முடிவு கட்டுவது அநியாயம். எழுத்தை அறிமுகம் செய்த முறையில்தான் கோளாறு இருக்கிறது.

நெடுங்கணக்கு வரிசையில் போவது

12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்தையும் முடித்த பிறகே சொல்லுக்குப் போவோம் என்று காத்திருப்பது முதல் தவறு. க-வுக்கு அடுத்து ங வருகிறது. 'அங்ஙனம்' போன்ற சொல்லை விட்டால் ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த எழுத்தை வைத்து எதைக் காட்டுவது? ட, ப, ம, க, ல ஐந்தும் புள்ளியும் தெரிந்தாலே படம், பட்டம், கடல், பகல், மடல், பக்கம், கல், பல் எல்லாம் வாசிக்கலாம். அடுத்துத் துணைக்காலைச் சேருங்கள். கல்–கால், பல்–பால், படம்–பாடம், மடம்–மாடம் என்று இணை இணையாக எழுதி, குழந்தையைக் கைதட்டிச் சொல்ல வையுங்கள்: குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு. குறில் நெடில் வேறுபாடு காதில் பதியாதவரை கையில் வராது.

எழுத்தின் பெயரும் ஒரு தடை. 'பானா, டானா, இம்' என்று சொல்லிப் பழகியவர் அவற்றைக் கூட்டினால் 'படம்' வராது. ப, ட, ம் என்று ஒலியையே சொல்லுங்கள்.

குறியீடுகளை ஒரே மூச்சில் நடத்துவது

க, கா, கி, கீ... கௌ என்று ஒரே நாளில் ஒரு வரிசையை முடிப்பது ஆசிரியருக்கு எளிது, குழந்தைக்குச் சுமை. ா, ி, ீ மூன்றும் எழுத்துக்குப் பின்னாலோ மேலாகவோ வருவதால் சிக்கல் குறைவு. உகரம் அப்படியில்லை, அதற்கு மூன்று வடிவம் உண்டு: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குழு, சு, பு, யு, வு இன்னொன்று, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. குழு குழுவாகக் கொடுத்தால் பிடிபடும். கூ, சூ இரண்டையும் தனியாகக் காட்டுங்கள்.

கொம்பு இதைவிடக் கடினம். கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாயோ மெய்யொலியை முதலில் சொல்ல வேண்டும். அதனால் ெ, ே, ை மூன்றையும் பின்னால் வைத்துக்கொண்டு, அவை நன்றாகப் படிந்த பிறகு ொ, ோ-வுக்குப் போங்கள். ௌ கடைசியில் வந்தால் போதும். அது வரும் சொற்கள் (வௌவால், கௌதாரி) மிகக் குறைவு. அதன் பின்பகுதி ள போலவே இருப்பதால் குழப்பமும் தரும்.

பேச்சைப் பிழையாக எண்ணுவது

குழந்தை 'விரல்' என்பதை 'வெரல்' என்றும், 'குடை'யைக் 'கொட' என்றும் எழுதினால் உடனே சிவப்பு மையால் அடிக்கிறோம். குழந்தை காதில் கேட்டதைச் சரியாகவே எழுதியிருக்கிறது. பேச்சுத் தமிழில் அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால், சொல்லின் முதலில் உள்ள இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் மாறும்: இலை–எல, விறகு–வெறகு, உலகம்–ஒலகம், புகை–பொக. ஒழுங்காக நடக்கும் மாற்றம் என்பதால் ஒழுங்காகவே கற்பிக்க முடியும். 'நாம் பேசுவது', 'புத்தகத்தில் எழுதுவது' என்று இரண்டு பத்தி போட்டு, வாரம் ஆறேழு சொற்களைச் சேர்த்துச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டுப் பேச்சைக் கேலி செய்தால் குழந்தை வகுப்பில் வாயே திறக்காது.

கூட்டு வாசிப்பும் பார்த்தெழுதலும்

வகுப்பே சேர்ந்து ஓதும்போது வாசிப்பது நாலைந்து பேர்தான், மற்றவர்கள் அவர்களைப் பின்தொடர்கிறார்கள். பாடத்தின் கடைசி வரியிலிருந்து ஒரு சொல்லைச் சுட்டிக் கேட்டால் தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு ஐந்து குழந்தைகளையாவது தனித்தனியே, ஆளுக்கு ஒரு நிமிடம், வாசிக்கக் கேளுங்கள். பார்த்தெழுதும் ஏட்டிலும் இதே கதை. பத்து முறை எழுதச் சொன்னால் முதல் எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து முறை போட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போவார்கள். அங்கே சொல் என்ற ஒன்றே இல்லை. அதற்குப் பதில் தினமும் ஐந்து சொற்களைச் சொல்வதெழுதுதலாகக் கொடுங்கள். மதிப்பெண் போடாமல், பிழை எந்த வகை என்று குறித்துக்கொள்ளுங்கள்: குறில் நெடிலா, புள்ளியா, ல ள ழ-வா. ண, ன, ந குழப்பத்துக்குத் தனி எழுத்தாகப் பயிற்சி தந்து பயனில்லை. ண்ட, ன்ற, ந்த என்று இன எழுத்தோடு சேர்த்து வண்டி, கன்று, பந்து எனப் பழக்குங்கள்.

நிலையை உறைய வைப்பது

தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புக் குழந்தைகளைக் கற்ற அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படுத்துகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜூனில் அரும்பில் உட்கார்ந்த குழந்தை டிசம்பரிலும் அங்கேயே இருந்தால், நிலை என்பது முத்திரையாகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பாடநூலில் இல்லாத பத்துச் சொற்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எட்டு வந்தால் அன்றே அடுத்த குழுவுக்கு மாற்றுங்கள். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலத்துக்கு வகுத்த அளவை இங்கே அப்படியே வைக்காதீர்கள். 'போய்க்கொண்டிருந்தான்' தமிழில் ஒரே சொல்.