பட்டாளத்துத் தாத்தாவின் பதிவேட்டைத் தேடுவது எப்படி

அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கம் மூன்று நான்கு தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், "எங்க கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்தார்" என்று சொல்லாத வீடு குறைவு. 1780-இல் மெட்ராஸ் பயனியர்ஸ் என்று தொடங்கிய படை, மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையாகி, பிறகு பெங்களூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டது. கூடவே தமிழும் கண்டோன்மென்ட்டில் தங்கியது. அந்தத் தாத்தாவின் எண், சேர்ந்த நாள், போன நாடு, திரும்பிய நாள் ஆகியவற்றைக் காகிதத்தில் பிடிக்க முடியுமா? பல நேரம் முடியும். ஆனால் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டித் தொடங்கினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் எழுந்திருப்பீர்கள்.

'வெள்ளைக்காரன் பட்டாளம்' என்பது ஒரே பட்டாளம் இல்லை. ராஜாவின் நேரடிப் படையான பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டுகள் தனி. ஐரோப்பியரை வைத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய ரெஜிமென்ட்டுகள் தனி. நம்மவர்கள் சேர்ந்த மெட்ராஸ் ஆர்மியும், 1895-இல் மூன்று மாகாணப் படைகளும் ஒன்றான பிறகு வந்த இந்திய ராணுவமும் தனி. இவை ஒவ்வொன்றின் காகிதமும் வேறு ஊரில் இருக்கிறது. பெங்களூரில் இன்னொரு குழப்பமும் உண்டு. மைசூர் லான்சர்ஸ் குதிரைப்படை மகாராஜாவுடையது. 1918-இல் ஹைஃபாவில் பிரிட்டிஷாரோடு சேர்ந்து சண்டையிட்டாலும், அந்த ஆட்களைத் தேட வேண்டிய இடம் மைசூர் அரசின் ஆவணங்கள். மலேயாவிலிருந்து திரும்பியவர் என்றால் அவர் இருந்தது நேதாஜியின் ஐ.என்.ஏ.வாகவும் இருக்கலாம். அந்தக் காகிதங்கள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆகவே எந்தப் படை என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதற்கு வீட்டு டிரங்குப் பெட்டிதான் முதல் ஆபீஸ். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் புத்தகம், பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) எண் உள்ள தாள், மெடல், யூனிஃபார்ம் போட்டோ, மணியார்டர் ரசீது என்று எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். டிஸ்சார்ஜ் புக் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எண், தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, உயரம், அங்க அடையாளம் எல்லாம் அதில் வந்துவிடும். மடிந்த தாளைச் செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள், லாமினேஷனும் செய்யாதீர்கள். அட்டை, வெற்றுப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் மங்கிய ரப்பர் ஸ்டாம்ப்பில்தான் யூனிட்டின் பெயர் இருக்கும்.

புத்தகம் இல்லாவிட்டாலும் மெடல் இருந்தால் போதும். மெடலில் பார்க்க வேண்டியது ராஜாவின் தலையை அல்ல, விளிம்பை. முதல் உலகப் போர் மெடல் 36 மில்லிமீட்டர் அகல வட்டம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள். அதன் விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில் எண், ரேங்க், பெயர், யூனிட் வரிசையாக இருக்கும். ரேங்க் சுருக்கமாகத்தான் இருக்கும்: 'எஸ்பிஆர்' என்றால் சேப்பர், 'டிவிஆர்' என்றால் டிரைவர், 'என்கே' என்றால் நாயக். யூனிட் '2 க்யூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்' என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டாவது குயின் விக்டோரியாஸ் ஓன் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது நம் மெட்ராஸ் சேப்பர்ஸ். அந்தக் கணக்கில் ஒன்று பெங்கால், மூன்று பாம்பே.

அதே குதிரை மெடல் வெள்ளியாக இல்லாமல் செம்பு நிறத்தில் இருந்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். லேபர் கோர் போன்ற துப்பாக்கி பிடிக்காத பிரிவினருக்கு வெண்கலத்தில்தான் அடித்துக் கொடுத்தார்கள். தாத்தாவின் வேலையையே அந்த நிறம் சொல்லிவிடுகிறது. குதிரை மெடல் அல்லாத வேறு மெடலில் ரிப்பன்மேல் குறுக்குப் பட்டி இருந்தால் அதையும் படியுங்கள். 'வஜிரிஸ்தான் 1919-21' என்று இருந்தால் ஆள் வடமேற்கு எல்லையில் இருந்திருக்கிறார்.

மெடலைப் புளி போட்டோ விபூதி போட்டோ தேய்க்கவே கூடாது. நாலு தீபாவளிக்குத் தேய்த்தால் விளிம்பு எழுத்து வழவழப்பாகிவிடும், அப்புறம் எந்த ஆவணக் காப்பகமும் உதவாது. இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, மெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஆறேழு குளோசப் எடுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் எழுத்து தெரியாது, சாய்வெளிச்சத்தில்தான் பள்ளம் நிழலாகும்.

எண்ணும் யூனிட்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். அன்று ஒவ்வொரு படைப்பிரிவும் தனக்கென்று எண் வரிசை வைத்திருந்தது. அதனால் ஒரே எண்ணில் சேப்பர்ஸிலும் ஒருவர் இருப்பார், காலாட்படையிலும் ஒருவர் இருப்பார். யூனிட் தெரியாத வெறும் எண்ணை வைத்து அடுத்த வீட்டுக்காரர் தாத்தாவைத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

பெயரைக் கடைசியாக நம்புங்கள். ரைட்டர் காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதினார், அவ்வளவுதான். 'சாமி'யை அவர் எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்று எழுதினார், முனுசாமியின் 'மு'வுக்கு இரண்டு 'ஓ' போட்டார். குப்புசாமியை 'கே' எழுத்தில் தேடிக் காணாவிட்டால் 'சி' எழுத்தில் பாருங்கள். கோவிந்தனும் வீரப்பனும் 'ஏஎன்' என்பதற்குப் பதில் 'ஈஎன்' என்று முடிவார்கள். இனிஷியல் இருக்காது, தகப்பன் பெயர் தனிக் கட்டத்தில் இருக்கும். ஊர்ப் பெயரும் அன்றைய எழுத்தில்தான்: செங்கல்பட்டு 'சிங்கிள்புட்', திருச்சி 'ட்ரிச்சினாபோலி', திருநெல்வேலி 'டின்னவெல்லி'. இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைக்காரர் எல்லாரும் 'நார்த் ஆர்க்காட்'. தேடுவதற்கு முன் ஒரு தாளில் பெயருக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டல் எழுதி வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம்.

யூனிட் பெயரிலும் பொறி உண்டு. 1903-இல் தலைமைத் தளபதி கிச்சனர் ரெஜிமென்ட் எண்களை மாற்றினார். மெட்ராஸ் காலாட்படைக்குப் பழைய எண்ணோடு 60 கூட்டிக்கொள்ள வேண்டும். 3-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி 63 ஆனது, 23-ஆவது வாலாஜாபாத் 83 ஆனது. தகப்பன் 23, மகன் 83 என்று காகிதம் சொன்னால் இருவரும் ஒரே ரெஜிமென்ட்தான். 'பயனியர்' என்ற சொல் இன்னும் மோசம். 1780-இன் பயனியர்கள் சேப்பர்ஸில் கலந்துவிட்டார்கள். 61, 64, 81 என்ற எண்ணுள்ள பயனியர்கள் ரோடு போடவும் சண்டை போடவும் தெரிந்த காலாட்படை, 1933-இல் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் வந்த பயனியர் கோர் மூன்றாவது. "தாத்தா பயனியர்" என்றால், எந்த வருஷம் என்று உடனே கேட்டுவிடுங்கள்.

எண், யூனிட் இரண்டும் கைக்கு வந்ததும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுவதுதான் அடுத்த வேலை. 1947-க்குப் பிறகு இந்திய ராணுவத்தில் தொடர்ந்த படைகளின் சிப்பாய்ப் பதிவுகள் லண்டனில் இல்லை, இங்கேதான் இருக்கின்றன. சேப்பர் என்றால் அல்சூர் ஏரியை ஒட்டிய எம்.இ.ஜி.யின் (மெட்ராஸ் சேப்பர்ஸின் இன்றைய பெயர்) ரெக்கார்ட்ஸ். இரண்டாம் உலகப் போர்ப் பயனியர் கோர் என்றாலும் பெங்களூர்தான். ஏ.எஸ்.சி. (சப்ளை, போக்குவரத்துப் பிரிவு) என்றால் பெங்களூரில் உள்ள சவுத் ரெக்கார்ட்ஸ். 1941-இல் மறுபடி எழுப்பப்பட்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ.க்கு செகந்திராபாத், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக், மெடிக்கல் கோருக்கு லக்னோ.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எண், ரேங்க், பெயர் (எல்லா எழுத்துக்கூட்டலும்), தகப்பன் பெயர், அன்றைய கிராமம், தாலுகா, ஜில்லா, சேர்ந்த, விலகிய உத்தேச வருஷம், உங்கள் உறவுமுறை என்று வரிசையாக எழுதுங்கள். டிஸ்சார்ஜ் புக், மெடல் விளிம்பு ஆகியவற்றின் ஜெராக்ஸ், உங்கள் அடையாள அட்டை நகல் இரண்டையும் வையுங்கள். ஒரிஜினல் எதையும் அனுப்பாதீர்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கடிதத்தில் என்ன கேட்கிறீர்கள் என்பது முக்கியம். "சர்வீஸ் ரெக்கார்ட் வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்டால், "அழிக்கப்பட்டுவிட்டது" என்று ஒரு வரி பதில் வரும். அது பொய்யல்ல. ஒவ்வொரு சிப்பாய்க்கும் இருந்த ஷீட் ரோல் என்ற கட்டு, பென்ஷன் வாங்காதவர் விஷயத்தில் 25 வருஷம் கழித்து அழிக்கப்படும். விதியே அப்படித்தான். ஆனால் லாங் ரோல் என்ற பேரேடு ஒன்று உண்டு, அதை அழிப்பதில்லை. ஆளுக்குச் சில கட்டங்கள்தான்: எண், பெயர், ஊர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம். "ஷீட் ரோல் இல்லையென்றால் லாங் ரோல் பதிவின் நகல்" என்று அந்தச் சொல்லையே எழுதிக் கேளுங்கள். பதிலே வராவிட்டால் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போடலாம். பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. எடுத்தவுடன் ஆர்.டி.ஐ. போடுவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. பழைய பேரேட்டைப் புரட்ட மனமுள்ள ஒரு கிளார்க்கைச் சட்டத்தைக் காட்டி மிரட்டுவானேன்?

போரில் இறந்தவர் என்றால் வழி சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல் இலவசம். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் வருவார்கள். பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, படை என்ற இடத்தில் இந்திய ராணுவம், கூடுதல் விவரம் என்ற இடத்தில் 'நார்த் ஆர்க்காட்' போன்ற பழைய ஜில்லாப் பெயர் என்று போட்டுப் பாருங்கள். 'இன்னார் மகன், இன்ன கிராமம்' என்ற வரியில் ஆள் அகப்படுவார். இந்து வீரர்கள் பலர் எரியூட்டப்பட்டதால் கல்லறை இருக்காது, நினைவுச் சின்னத்தின் பெயர்தான் வரும். இராக்கில் உள்ள பாஸ்ரா சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களை மட்டும் செதுக்கி, சிப்பாய்களை எண்ணிக்கையாகப் போட்டுவிட்டார்கள். அதனால் சுவரின் போட்டோவில் பெயர் இல்லையே என்று மனம் விடாதீர்கள், பதிவேட்டில் தேடுங்கள். உயிரோடு திரும்பியவர் இந்தத் தேடலில் வரமாட்டார் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

தாத்தா ஜமேதார், சுபேதார் என்று உயர்ந்திருந்தால் இந்தியன் ஆர்மி லிஸ்ட்டில் பெயரும் கமிஷன் தேதியும் அச்சில் இருக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பல வருஷப் பிரதிகளை இலவசமாக ஏற்றி வைத்திருக்கிறது. பதக்கம் வாங்கியிருந்தால் லண்டன் கெஜட்டைத் தேடுங்கள். மெட்ராஸ் சேப்பர்ஸின் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடிமேல் பாய்ந்து உயிர்விட்டதற்கு ஜார்ஜ் கிராஸ் பெற்றார். அதுபோன்ற விருதுகள் எல்லாம் கெஜட்டில் வந்தவை. ரேங்க் உயராதவருக்கு யூனிட்டின் போர் நாட்குறிப்புதான் துணை. முதல் உலகப் போருக்கானது லண்டன் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற தொகுப்பில் இருக்கிறது. அதில் சிப்பாய்ப் பெயர் அநேகமாக வராது. ஆனால் அவருடைய படைப்பிரிவு எந்த நாளில் எந்த ஆற்றில் பாலம் கட்டியது என்பது வரும்.

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு, அதாவது முன்னோர் வெள்ளைச் சிப்பாயாக இருந்து இங்கே கல்யாணம் செய்தவர்களுக்கு, பாதை தலைகீழ். சர்ச் பதிவில் தொடங்கி ராணுவத்துக்குப் போக வேண்டும். மெட்ராஸ் மாகாணச் சர்ச்சுகள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை லண்டனுக்கு நகலெடுத்து அனுப்பின. பிரிட்டிஷ் லைப்ரரியில் அது 'என்/2' என்ற எண்ணுள்ள வரிசை, கண்டோன்மென்ட்டும் அதில் சேர்த்தி. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்தில் படமாகவே பார்க்கலாம். பணம் கட்டுமுன் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் இலவச அட்டவணையைத் தேடிவிடுங்கள். பிள்ளையின் ஞானஸ்நான வரியில் தகப்பனின் ரேங்க்கும் ரெஜிமென்ட்டும் இருக்கும், அதைத்தான் பிடிக்க வேண்டும். கத்தோலிக்கப் பதிவுகள் லண்டனில் முழுமையாக இல்லை, அதற்குப் பங்குக் கோயிலிலேயே கேளுங்கள். ரெஜிமென்ட் தெரிந்ததும் கியூவின் டபிள்யூ.ஓ. 97 தொகுப்பில் 1913 வரையிலான டிஸ்சார்ஜ் தாள்களைத் தேடலாம். 1883-க்கு முன் பென்ஷனோடு விலகியவர் மட்டுமே அதில் உண்டு. பென்ஷன் இல்லாதவருக்கு டபிள்யூ.ஓ. 12 மஸ்டர் ரோல்களை (ஆள் வருகைப் பட்டியல்களை)க் காலாண்டு காலாண்டாகப் புரட்ட வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஃப்யூஸிலியர்ஸ்காரர் என்றால் பிரிட்டிஷ் லைப்ரரியின் எல்-மில் தொகுப்புகள்.

முதல் உலகப் போர்ச் சிப்பாய்ப் பதிவுகளில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பரில் லண்டன் குண்டுவீச்சில் எரிந்தன. அது பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டுகளின் கதை. "எல்லாம் லண்டன்ல எரிஞ்சு போச்சு" என்று நம் சேப்பர் வீடுகளிலும் சொல்வதுண்டு. சேப்பர் தாத்தாவின் காகிதம் அந்தக் கட்டடத்தில் இருந்ததே இல்லை. 1895-க்கு முந்தைய மெட்ராஸ் ஆர்மி என்றால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ராணுவத் துறைத் தொகுதிகள் இருக்கின்றன. ரெஜிமென்ட்டும் வருஷமும் தெரியாமல் அங்கே போகாதீர்கள். சுபேதார், ஜமேதார் என்றால் பதவி உயர்வு உத்தரவில் பெயர் அகப்படலாம், சாதாரணச் சிப்பாய் என்றால் அபூர்வம். இரண்டு அடையாள அட்டை நகலும் பென்சிலும் கொண்டுபோங்கள்.