குவைத்தில் புழுதிக்காலம்: புதிதாக வருபவர்கள் வீட்டில் செய்துகொள்ள வேண்டியவை

குவைத்துக்குப் புதிதாக வருபவர்கள் வெயிலை எதிர்பார்த்து வருகிறார்கள், தூசியை எதிர்பார்ப்பதில்லை. வசந்தகாலத்தில், ஏறத்தாழ மார்ச் இறுதியிலிருந்து மே வரை, 'சராயாத்' எனப்படும் திடீர்ப் புயல்கள் வரும். ஜூன், ஜூலையில் வடமேற்கிலிருந்து 'ஷமால்' காற்று ஈராக்கின் புழுதியையும் சுமந்துகொண்டு வீசும். 2022 மே மாதத்தில் புழுதியால் விமானப் போக்குவரத்தையே சிறிது நேரம் நிறுத்திவைக்க நேர்ந்தது.

இந்தத் தூசி நம் ஊர்த் தெருமண்ணைப் போன்றதன்று. சலித்த மாவைப் போல மெல்லியது. எவர்சில்வர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தால், விடிந்ததும் அதன் முதுகில் விரலால் பெயர் எழுதலாம், சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தாலும்.

ஆகவே துடைப்பதற்கு முன் இடுக்குகளை அடைக்க வேண்டும். காற்றடிக்கும் நாளில் திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, எரியும் ஊதுபத்தியைச் சன்னல் விளிம்பிலும் வாசற்கதவின் அடியிலும் மெல்ல நகர்த்திப் பாருங்கள்; புகை எங்கே சாய்கிறதோ அங்கேதான் தூசி நுழைகிறது. சன்னல் விளிம்புக்கு ஒட்டும் ஸ்பாஞ்ச் டேப்பும், கதவின் அடிக்குப் பிரஷ் வைத்த பட்டையும் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். அவை வாங்கும்வரை, ஈரத்துண்டை முறுக்கிக் கதவடியில் வைத்தாலே பாதித் தொல்லை குறையும். வாடகை வீடென்பதால், திருகாணி அடிக்கும் வேலையாக இருந்தால் மட்டும் கட்டடத்து ஹாரிஸிடம் (காவலாளியிடம்) ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பலர் சறுக்குவது எக்ஸாஸ்ட் ஃபேனில்தான். மண்வாடை வந்ததும் அதை வெளியேற்றுவதாக எண்ணிச் சமையலறையிலும் குளியலறையிலும் ஃபேனைப் போட்டுவிடுகிறோம். ஆனால் அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று இடுக்குகள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. வந்த முதல் ஆண்டு முழுவதும் நான் இதைச் செய்துகொண்டே, கட்டடம் சரியில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட நாளில் வறுவல், பொரியலைத் தள்ளிவைத்துவிட்டுத் தயிர்சாதத்தோடு ஒப்பேற்றிவிடலாம்.

விண்டோ ஏசியாக இருந்தால், வெளிக்காற்றை விடுவதற்கென்று அதில் உள்ள சிறு திறப்பு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் ஃபில்டரைப் புழுதிக்காலத்தில் வாரம் ஒருமுறை கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே மாட்ட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில், குறைந்தது படுக்கையறைக்காவது மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வைத்த ஏர் ப்யூரிஃபையர் வாங்குவது வீண்செலவு ஆகாது. இன்ஹேலரையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று ஓய்ந்த உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள். மெல்லிய தூசி சில மணி நேரம் அந்தரத்தில் மிதந்துவிட்டுத்தான் படியும். பெருக்கினால் மறுபடி எழும்பும். அலமாரியின் மேற்பகுதியில் தொடங்கி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இறங்கி, தரையைக் கடைசியாக மாப் போடுங்கள். சன்னல் தண்டவாளத்தில் மட்டும் இந்த வரிசை மாறும்: அங்கே முதலில் ஈரம் பட்டால் தூசி சேறாகி மூலையில் இறுகிவிடும் என்பதால், பழைய பல்துலக்கும் பிரஷால் உலர்வாகச் சுரண்டி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிய பிறகே ஈரத்துணியை வையுங்கள்.