கலப்பினப் பசுக்களுக்கு மாறுமுன் போட வேண்டிய கணக்கு

பெங்களூரைச் சுற்றி ஆனேக்கல், அத்திப்பள்ளி, சர்ஜாபூர் பக்கங்களில் நாட்டு மாடு வைத்திருக்கும் நம்மவர்கள், நாட்டு மாட்டோடு அந்நிய இனம் கலந்த கலப்பினத்துக்கு மாற நினைக்கும்போது, முதலில் கேட்பது "வேளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும்?" என்பதைத்தான். லாபத்தை முடிவுசெய்வது வேறொன்று. ஒரு கன்று ஈன்ற நாளிலிருந்து அடுத்த கன்று ஈனும் நாள்வரை பசு தின்றது எவ்வளவு, கறந்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இதிலுள்ள விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. அவற்றின் இடத்தில் உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். சராசரியாக நாளுக்கு 10 லிட்டர் வீதம் 305 நாட்கள் கறக்கும் பசு 3,050 லிட்டர் தரும். லிட்டர் 35 ரூபாய் என்றால் வரவு 1,06,750 ரூபாய். உடல் பராமரிப்புக்கு 2 கிலோவும், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கு 1 கிலோவுமாக நாளுக்கு 6 கிலோ அடர்தீவனம் (தானியம், தவிடு, பிண்ணாக்குக் கலவை) தேவை. பால் வற்றிய 90 நாட்களுக்கு நாளுக்கு 2 கிலோ போதும். கிலோ 28 ரூபாய் வீதம், 395 நாட்களுக்கு அடர்தீவனம் மட்டும் 56,280 ரூபாய் ஆகிறது. பசுந்தீவனத்துக்கும் காய்ந்த தீவனத்துக்கும் நாளுக்கு 80 ரூபாய் வெளியே கொடுத்தால் அது 31,600 ரூபாய். மிஞ்சுவது 18,870 ரூபாய். மருத்துவம், காப்பீடு, ஆள்கூலி, கொட்டகைச் செலவு எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். தீவனம் சொந்த நிலத்தில் விளைந்தால் அந்த 31,600 ரூபாயின் பெரும்பகுதி கையில் நிற்கும்.

ஆகவே முதல் வேலை சந்தைக்குப் போவது அன்று, தீவனம் விதைப்பதுதான். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நட்டு, முதல் அறுப்பு கைக்கு வந்த பிறகே பசுவைக் கொண்டுவாருங்கள். ஒரு கலப்பினப் பசுவுக்கு நாளுக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனமும் 5 கிலோ அளவுக்குக் காய்ந்த தீவனமும் வேண்டும். இந்தப் பகுதியின் கேழ்வரகுத் தாள் இதற்கு நன்றாகவே உதவும். பீர் ஆலைச் சக்கை மலிவாகக் கிடைக்கிறது என்று மாட்டுக்காரர்கள் அதை நம்பி இறங்குவதுண்டு. புதிதாக இருக்கும்வரை நல்ல தீவனம்தான், ஆனால் ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள். நிலமும் தண்ணீரும் இல்லாதவர்களுக்கு, காய்ந்த தாளையும் மேய்ச்சலையும் வைத்தே தாக்குப்பிடிக்கும் ஹள்ளிக்கார் என்ற இப்பகுதி நாட்டு மாடு பால் குறைவாகத் தந்தாலும் கடன் வைக்காது என்பதே என் உறுதியான எண்ணம்.

இனத்தைத் தேர்ந்தெடுப்பது பாலை எங்கே கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கர்நாடகக் கூட்டுறவுப் பால் நிறுவனமான நந்தினிக்குப் பால் ஊற்றும் சங்கத்தில் கொழுப்பும் இதர திடப்பொருளும் பார்த்து விலை போடுவதால், கொழுப்பு மிகுந்த ஜெர்சிக் கலப்பு அங்கே பொருந்தும். அது உருவத்தில் சிறியது, தின்பதும் குறைவு. வீடுகளுக்கு லிட்டர் கணக்கில் கொடுப்பவருக்கு, பால் அளவு மிகுந்த எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு லாபம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்த ஊரின் மிதமான வெயில் அதற்கு ஒத்துவரும் என்றாலும், அந்நிய இரத்தம் 62.5 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அந்நிய இரத்தம் பாதியுள்ள முதல் தலைமுறைக் கலப்புக் கிடேரிக்கு மீண்டும் தூய எச்.எஃப். விந்தைப் போட்டால் கன்றில் அது 75 விழுக்காடாகிவிடும். உண்ணிக் காய்ச்சலும் வெயிலும் அத்தகைய மாட்டைத்தான் முதலில் சாய்க்கும். அந்தக் கட்டத்தில் கலப்பினக் காளையின் விந்தைக் கேட்டு வாங்குங்கள். உறைவிந்துக் குச்சியின் மேல் இனமும் காளை எண்ணும் அச்சிட்டிருக்கும். சினை ஊசி போட்டதும் அந்தக் குச்சியை வாங்கி நோட்டில் ஒட்டி, தேதியை எழுதிவையுங்கள். தகப்பன் காளையின் விந்தே மகளுக்குப் போகாமல் தடுக்க வேறு வழியில்லை.

மந்தையை ஒரே நாளில் மாற்றக் கூடாது. இருக்கும் நாட்டுப் பசுக்களுக்குச் சினை ஊசி போட்டுப் பிறக்கும் கிடேரிகளை வளர்ப்பது செலவு குறைந்த வழி. ஆனால் அவை கன்று ஈன்று கறவைக்கு வர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். இடைக்கால வருமானத்துக்கு ஓரிரு கறவைப் பசுக்களை மட்டும் வாங்கலாம். அப்போது ஒரு வேளைக் கறவையை நம்பாமல், நீங்களே நின்று தொடர்ந்து மூன்று வேளை கறந்து பாருங்கள், ஏனெனில் முந்தைய வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது தரகில் பழைய வழக்கம். நான்கு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டு, திரி திரியாக ஏதும் தெரிகிறதா என்று பார்த்தால் மடிநோய் இருப்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வாங்கியபின் பணம் கரைவது, பசு சினைக்குத் தயாராகும் பருவத்தைத் தவறவிடுவதில்தான். பசு 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். இரண்டு பருவம் தவறினால் கூடுதலாக 42 வறட்டு நாட்கள். மேலே போட்ட கணக்கில் நாளுக்கு 136 ரூபாய் தீவனம் என்றால் 5,712 ரூபாய், அதாவது மிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. கலப்பினப் பசுக்களில் அறிகுறிகள் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் தென்படுவதால், விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய், வாலடியில் கண்ணாடி போன்ற ஒழுக்கு தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடச் சொல்லுங்கள். நாள்தோறும் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுத்தால் பருவம் தவறுவது குறையும்.

காளைக்கன்றையும் கிழப்பசுவையும் கணக்கில் சேர்க்காதவர்களே அதிகம். கர்நாடகத்தில் 2021 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி மாடுகளை வெட்டுக்கு விற்க இயலாது. எனவே கறவை நின்ற பசுவின் தீவனமும் உங்கள் செலவுதான், அதற்காக மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள். பிறப்பதில் ஏறத்தாழ 90 விழுக்காடு கிடேரியாக இருக்கச் செய்யும் பாலினம் பிரித்த விந்து இப்போது கிடைக்கிறது. அதில் சினை பிடிக்கும் வாய்ப்பு வழக்கமான விந்தைவிடச் சற்றுக் குறைவு என்பதால், ஆரோக்கியமான கிடேரிக்கும் முதல் ஈற்றுப் பசுவுக்கும் மட்டும் அதைப் பயன்படுத்தி, இரண்டு முறை சினை நிற்காவிட்டால் சாதாரண விந்துக்கு மாறிவிடுங்கள்.