எய்ட்செல்வா ஆற்றோரம் ஒரு நாள்: மேலிருந்து கீழே வாருங்கள்

நோர்வேயின் டெலிமார்க் கால்வாயைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், பாதிப்பேர் "நல்லாத்தான் இருந்தது, ஆனால் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போச்சு" என்கிறார்கள். ஷீயனிலிருந்து டாலன் வரை 105 கிலோமீட்டர். காலையில் கப்பல் ஏறினால் இறங்கும்போது சாயந்தரம். அதில் பெரும்பகுதி ஏரி. ஏரி வடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் டிராம்மனில் பஸ் ஓட்டுகிறவன். வருஷம் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்துவிட்டு, லீவு நாளில் இன்னொருவர் ஓட்டுகிற வண்டியில் போய் உட்கார என்னால் முடியாது.

எனவே நான் சொல்கிற வழி வேறு. அந்தக் கால்வாயில் ஃப்ளோவாட்ன், நூர்ஷோ என்று இரண்டு ஏரிகள் உண்டு. இரண்டையும் இணைக்கிற ஆறுதான் எய்ட்செல்வா. நோமே நகராட்சிக்குள் ஓடுகிறது. கால்வாய் கடலிலிருந்து மொத்தம் 72 மீட்டர் ஏறுகிறது. அதில் 57 மீட்டர் ஏற்றம் இந்தச் சிறிய ஆற்றிலேயே இருக்கிறது. கால்வாய் முழுக்க எட்டு ஸ்லூசே, அதாவது படகை ஏற்றி இறக்கும் மதகு. அதில் ஆறு இங்கேதான். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், அந்த நாளை இந்த ஆற்றுக்குக் கொடுங்கள்.

சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் இரண்டாம் எண் சைக்கிள் பாதை இந்தப் பக்கமாகத்தான் போகிறது. பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது. ஒஸ்லோவிலிருந்தோ டிராம்மனிலிருந்தோ வருகிறவர்களுக்குத் தெற்குப் பாதை ரயில் வசதி. லுன்டே என்ற ஊரில் இறங்க வேண்டும். கிளம்புவதற்கு முன் பயண நேரம் பார்க்கிற என்டூர் செயலியில் அந்த ரயில் லுன்டேயில் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சைக்கிளுக்கும் தனி டிக்கெட் வேண்டும், இடமும் கொஞ்சம்தான். முதல் தடவை நான் அதை எடுக்காமல் பிளாட்பாரத்தில் போய் நின்றேன். நடத்துநர் மிக மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் ரயில் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. அன்றைக்கு டிராம்மன் ஆற்றங்கரையிலேயே சைக்கிள் ஓட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை போகிறீர்களா? அப்படியானால் சாப்பாடு கையோடு இருக்கட்டும். நோர்வேயில் ஞாயிறு பெரிய கடைகள் மூடியிருக்கும் என்பது இங்கே வாழ்கிற நமக்குத் தெரியும், ஆனாலும் பயணம் என்றால் மறந்துவிடுகிறோம். மதகடியில் கோடையில் சிற்றுண்டிக் கடைகள் திறந்திருக்கும், ஆனால் வாஃபலும் காப்பியும் மதியச் சாப்பாடு ஆகாது. நான் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போவேன். இங்கத்தைய மாட்பாக்கே, அதாவது கட்டுச்சாப்பாட்டுப் பழக்கம்தான், உள்ளே இருப்பது மட்டும் நம்முடையது.

லுன்டேயில் இறங்கியதும் நேரே கீழ்நோக்கிப் போகத் தோன்றும். போகாதீர்கள். முதலில் மேற்கே, ஆற்றின் எதிர்த்திசையில், ஹொக்கா வரை போங்கள். ஃப்ளோவாட்ன் ஏரிப் பக்கத்திலிருந்து வருகிற முதல் மதகு அதுதான். இரண்டு அறை (அறை என்றால் கதவுகளுக்கு நடுவே கப்பல் நிற்கிற தொட்டி), ஏழு மீட்டர் இறக்கம். அங்கே நின்று, மேல்பக்கம் தண்ணீர் எவ்வளவு சாதுவாக இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இதே தண்ணீரை மத்தியானம் வ்ராங்ஃபோஸில் பார்க்கும்போது ஒப்பிட உதவும். கீழேயிருந்து தொடங்குகிறவர்களுக்கு இது கிடைக்காது. பெரிய மதகை முன்னாடியே பார்த்துவிட்டால், அதற்கு மேலே வருவதெல்லாம் சின்னதாகத்தான் தெரியும்.

ஹொக்காவிலிருந்து திரும்பி வரும் வழியில் ஷெல்டால். ஒரே அறை, மூன்று மீட்டர். கப்பல் பயணிகள் இதைக் கவனிப்பதே இல்லை, நீங்கள் கவனியுங்கள். இங்கே ஒரு ஊசி அணை இருக்கிறது. ஊசி என்றால் நிமிர்த்தி வைத்த நீளமான மரச்சட்டங்கள். ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்கள். தண்ணீர் அதிகமானால் சில சட்டங்களை உருவி எடுப்பார்கள், குறைந்தால் திரும்பவும் செருகுவார்கள். மோட்டார் கிடையாது, ஒன்றும் கிடையாது. வேலி கட்டுகிற அறிவை ஆற்றில் கொண்டுபோய் வைத்தது போல இருக்கும்.

லுன்டே மதகும் ஒரே அறைதான். புல்வெளி, முகாம் இடம், ஓரத்தில் கனோ படகுகள். குழந்தைகள் கூட வந்தால் இங்கே ஒரு மணி நேரம் போய்விடும், விடுங்கள். கனோவில் போக நினைப்பவர்களுக்கு ஒன்று: மதகு வந்ததும் படகைக் கரையில் ஏற்றி, சுற்றிக் கொண்டுபோய், கீழே மறுபடி இறக்குவதுதான் வழக்கம். அணைக்கு மேலே மிதவைத் தடுப்புகள் கட்டியிருக்கும். அந்த வரிசையைத் தாண்டிப் போகவே கூடாது. மேலே தண்ணீர் தூங்குவது போலிருக்கும், இழுவை அடியில் இருக்கும்.

இனி வ்ராங்ஃபோஸ். ஃபோஸ் என்றால் அருவி. வ்ராங் என்றால் ஏறுமாறான, சொன்ன பேச்சுக் கேட்காத என்று பொருள். பழைய காலத்தில் இந்த ஆற்றில் மரம் மிதக்கவிட்டு அனுப்புவார்கள். அந்த மரங்கள் இந்த அருவியில் சிக்கிக் குவிந்துகொள்ளும். அவற்றை விடுவிக்கிறவர்களுக்கு உயிர் கையில் இருக்காது. இப்போது அங்கே அருவி இல்லை, உயரமான கல் அணையும் பக்கத்தில் ஐந்து அறைப் படிக்கட்டு மதகும் இருக்கின்றன. 23 மீட்டர். கால்வாயின் இந்தப் பகுதியை வெட்ட ஏறக்குறைய 500 பேர் ஐந்து வருஷம் வேலை செய்து, 1892-இல் திறந்தார்கள். மரம் மிதக்கவிடுவது இந்த நீர்வழியில் 2006 வரை நடந்தது. நான் இந்த நாட்டுக்கு வந்தபோதும் இங்கே கட்டை மிதந்துகொண்டிருந்தது என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

இங்கே ஒரு கப்பலாவது ஏறி இறங்குவதைப் பார்க்காமல் போகாதீர்கள். விக்டோரியா என்ற கப்பல் 1882-இல் கட்டியது, ஹென்ரிக் இப்சன் என்ற கப்பல் 1907-இல். கப்பல் ஓட்டம் மே நடுவில் தொடங்கிக் கோடை முடிகிற வரை இருக்கும். தினமும் ஓடுவது நடுக்கோடையில் மட்டும். அந்த வருஷத்து அட்டவணையைப் பார்த்து, வ்ராங்ஃபோஸ் நேரத்தைக் குறித்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அமையுங்கள். அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள்.

எங்கே நிற்பது? கூட்டம் மேல் பாலத்தில் நிற்கும். நீங்கள் நடு அறையின் கதவோரம் நில்லுங்கள். கதவு இரண்டு இறக்கை, மேல்தண்ணீர் வருகிற பக்கம் கூம்பி நிற்கும். தண்ணீர் அழுத்த அழுத்தக் கதவு இறுகும். இறுகினாலும் சட்டங்களுக்கு நடுவே மெல்லிய கம்பி போல நீர் பீச்சிக்கொண்டே இருக்கும், கை நீட்டினால் குளிரும். மதகுக்காரர் இரும்புக் கைப்பிடியைச் சுற்றுவார். முதலில் ஒரு மாற்றமும் தெரியாது. அப்புறம் கப்பலின் பக்கத்தில் ஈரக் கல் ஒரு விரற்கடை தெரியும், பிறகு ஒரு முழம். கப்பலுக்கும் சுவருக்கும் இடையில் இருக்கிற இடைவெளியைப் பார்த்தால் பஸ் ஓட்டுகிற எனக்கே வயிறு கலங்கும். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் சமமாகும் வரை அந்தக் கதவை யாராலும் திறக்க முடியாது. சமமானதும் தானாக வழிவிடுவது போலத் திறக்கும்.

போன வருஷம் மாமியை லுன்டேயில் கப்பலேற்றிவிட்டு நான் சைக்கிளில் வந்தேன். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு நல்லது: லுன்டே முதல் உலேஃபோஸ் வரை மட்டும் டிக்கெட் எடுங்கள், இடுப்பும் விடாது. வ்ராங்ஃபோஸில் நான் முந்திவிட்டேன். கப்பல் வந்து நின்றபோது மாமியின் முகம் எனக்கு நேரே இருந்தது. "தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் இறங்கத் தொடங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் தலை மட்டும் தெரிந்தது, அப்புறம் நீலக் குடை மட்டும். நான் கரையோரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒவ்வொரு அறையாகக் கூடவே வந்தேன். ஐந்தாவது அறையில் அவர் கீழேயிருந்து கத்திய கேள்வி, "தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுறாங்கள்?" அடுத்த அறைக்குத்தான், மாமி.

அதற்குக் கீழே எய்ட்ஸ்ஃபோஸ், இரண்டு அறை, பத்து மீட்டர். வ்ராங்ஃபோஸைப் பார்த்த கண்ணுக்கு இது சாதாரணம். தண்ணீர் போத்தலைக் குடித்துவிட்டு நகருங்கள்.

உலேஃபோஸில் சாயந்தரத்துக்கு நேரம் மிச்சம் வையுங்கள். மூன்று அறை மதகு, 11 மீட்டர், அதோடு ஆறு நூர்ஷோவில் கலந்துவிடும். இந்த ஊரின் இரும்பாலை 1657-இல் தொடங்கியது. இன்னும் வார்ப்பு நடக்கிறது. நோர்வேத் தெருக்களில் சாக்கடை மூடிகளைக் குனிந்து பார்த்தால் பலவற்றில் உலேஃபோஸ் என்று வார்த்திருக்கும். அந்த மூடிகள்மேல் தினமும் பஸ்ஸை ஏற்றி இறக்குகிறேன், அந்த ஊருக்குப் போன பிறகுதான் பெயரைக் கவனித்தேன். மேலே ஓவ்ரே வார்க்கே என்ற தெருவில் தொழிலாளர் குடியிருந்த பழைய மரவீடுகள் வரிசையாக நிற்கின்றன. எதிரே மேட்டில் நீல்ஸ் ஓல் கட்டிய வெள்ளை மாளிகை, 1807-இல் முடிந்தது. பொறுமை இருப்பவர்கள் உள்ளே போய்ப் பாருங்கள். எனக்கு அந்த மரவீடுகளே போதும்.

இரும்பு வந்த இடம் பக்கத்திலேயே இருக்கிற ஃபேன். மிகப் பழைய எரிமலை ஒன்றின் அடிக்கட்டை அது. சிவப்புக் கல். கார்பனடைட் என்று உலகம் சொல்கிற பாறைவகைக்கு, இந்த இடத்தை ஆராய்ந்துதான் 1921-இல் ப்ரொகர் என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார். இப்போது அரிய மண் கனிமங்கள் இருப்பதாக ஊரே அதைப் பேசுகிறது. அந்தக் கல்லில் கதிரியக்கமுள்ள தோரியமும் இருக்கிறது, ஆகவே அழகாக இருக்கிறதே என்று பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

இரவு தங்க நினைத்தால் கூடாரம் போடலாம். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளி, ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் இல்லாமல். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் தீ மூட்டத் தடை. கோடை முழுக்க அதற்குள் அடங்கிவிடும், ஆகவே சாப்பாட்டை வீட்டிலேயே சமைத்துவிடுங்கள்.

தங்கவில்லை என்றால் உலேஃபோஸிலிருந்து பூ என்ற ஊருக்கோ ஷீயனுக்கோ பஸ் பிடித்து அங்கிருந்து ரயில் ஏறலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே பார்த்து வையுங்கள், வார இறுதியில் அது நீங்கள் நினைப்பதைவிட முந்தியே போய்விடும். சைக்கிளை ஏற்றுவது ஓட்டுநரின் முடிவு, உள்ளே இடம் இருந்தால்தான் ஏற்றுவார். ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன்: கதவு திறந்ததும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள். முதலில் வணக்கம் சொல்லி, ஏற்றலாமா என்று கேளுங்கள்.