சொந்த ஊரில் ஜூனியர் வழக்கறிஞராகச் சேர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டம் படித்து முடித்து மதுரையிலேயே தொழிலைத் தொடங்கும் மதுரைக்காரருக்கு ஓர் அனுகூலம் உண்டு: கட்சிக்காரர் சொல்லும் கண்மாயும் தெருவும் அவருக்கு முன்பே தெரிந்தவை. ஆனால் அந்தப் பழக்கமே சில தவறுகளுக்கும் வழிவிடுகிறது.

அப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதற்காகவே ஒரு சீனியரிடம் சேர்ந்துவிடுவது அவற்றில் பெரியது. 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை வந்தபின், விசாரணை நீதிமன்றப் பயிற்சியும், உயர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் அரசு நடவடிக்கைகளை எதிர்த்துப் போடும் ரிட் மனுப் பயிற்சியும் மதுரையிலேயே கிடைக்கின்றன. சீனியர் பெரும்பாலும் எங்கே வழக்காடுகிறார், ஜூனியர் எழுதும் வரைவைத் திருத்தித் தருவாரா, சாட்சி விசாரணைக்கு முன் கேஸ் கட்டைப் படிக்கச் சொல்வாரா என்பதையெல்லாம் அங்கே முன்பு பணியாற்றியவர்களிடம் விசாரித்துக்கொள்ள வேண்டும். வாய்தா வாங்க மட்டுமே அனுப்பப்படுபவர், ஆண்டுகள் கழிந்தபின்னும் ஒரு வழக்குரையைத் தனியாக எழுத முடியாமல் நிற்பார்.

அதற்காக வாய்தா நாளை அற்பமாக எண்ணிவிடக் கூடாது. உரிமையியல் வழக்கில் அழைப்பாணை கிடைத்த 30 நாட்களுக்குள் எதிருரை, அதாவது பிரதிவாதியின் எழுத்துப்பூர்வப் பதில், தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் அது 90 நாட்கள் வரை நீளலாம். நாளைத் தவறவிட்டால் கட்சிக்காரருக்கு எதிராக ஒருதலைப்பட்சத் தீர்ப்பே வந்துவிடக்கூடும். இந்த நாட்கணக்கைக் குமாஸ்தாவிடம் கற்றுக்கொள்வதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது; ஒரு மனு எந்தக் குறைக்காக ரிட்டர்ன் ஆகும் என்பதை அவரைப்போல் தெளிவாகச் சொல்பவர் அரிது.

உறவினர் வழக்குகளில் இன்னும் கவனம் தேவை. சித்தப்பா, வீட்டுத் திண்ணையில் பத்திரத்தைக் காட்டிப் பாகப்பிரிவினை வழக்குப் போட யோசனை கேட்பார். அடுத்த மாதம் அத்தை அதே சொத்துக்காக வக்காலத்தோடு வருவார். வழக்குத் தொடுப்பது குறித்து ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர், அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு முன்னிலையாகக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. ஆகவே எதிர்த்தரப்பு யார் என்று கேட்டறியாமல் பத்திரத்தைக் கையில் வாங்கக் கூடாது.

தெரிந்தவரிடம் பணம் பேசக் கூசி, ஊதியமே கேட்காமல் சேர்வதும் தவறுதான். ஜூனியர்களுக்கு மாத உதவித்தொகையாகச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் வழங்க வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. சேரும் நாளிலேயே இதைப் பணிவோடு பேசிவிடலாம். பேசாமல் விட்டால், வீட்டில் வசதியில்லாத பிள்ளைகள்தாம் முதலில் இத்தொழிலை விட்டுப் போக நேரிடும்.