பப்பாளிக்குச் சொந்த விதை: ஒரு குழிக்கு எத்தனை நாற்று?

ரெட் லேடி பழத்து விதையை எடுத்து நட்டால் தாய் மரம் போலக் காய்க்காது. அது வீரிய ஒட்டு, அதாவது இரு வேறு பெற்றோரைக் கலந்து உண்டாக்கியது; ஜோடியின் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. பப்பாளிக்கு 18 குரோமோசோம், அதாவது 9 ஜோடி. மகரந்தமும் சூலும் உருவாகும்போது நடக்கும் குன்றல் பகுப்பில் ஒவ்வொரு ஜோடியும் பிரிந்து, ஒன்று மட்டும் உள்ளே போகும். எது போகும் என்பது ஜோடிக்கு ஜோடி வேறு. அந்தக் கணக்கிலேயே 512 சேர்க்கை வந்துவிடும். ஆகவே விதை எடுக்க கோ 7 போன்ற நிலைத்த ரகமே சரி.

கோ 7-இல் பெண் மரமும் இருபால் மரமும் வரும். பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம் ஜோடி பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ்; இருபால் மரத்துக்கு எக்ஸும் ஒருவகை ஒய்யும். விதைக்கு இருபால் மரத்தையே தேர்ந்தெடுங்கள். அதன் பூ நீண்டு ஒடுங்கியிருக்கும், உள்ளே மகரந்தத்தாள்கள் இருக்கும். பெண் பூவோ அடி பருத்து, மகரந்தத்தாள் இல்லாமல் இருக்கும்.

நாளை விரியப்போகும் மொட்டாகப் பார்த்து வெண்ணெய்த்தாள் பையை மாட்டி, காம்பில் நூல் கட்டுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அடையாளத் துணி கட்டினால் போதும். மார்கழி, தை நல்ல காலம். சித்திரை, வைகாசி வெயிலில் நம் பக்கத்து விளைகளில் இருபால் பூவின் சூலகம் சுருங்கி ஆண் பூ போல ஆகிவிடும், காய் பிடிக்காது. மரத்தில் குறையில்லை, வெப்பம்தான் காரணம். அதற்காக மரத்தை வெட்டிவிடாதீர்கள்.

பை மாட்டாமல் விட்டால் என்ன ஆகும்? மஞ்சள் சதை ஓங்கு பண்பு, சிவப்பு ஒடுங்கு பண்பு. பக்கத்துத் தோட்டத்து மஞ்சள் பப்பாளியின் மகரந்தம் விழுந்தாலும் உங்கள் கோ 7 பழம் சிவப்பாகவே இருக்கும், ஏனென்றால் சதை தாயுடையது. கலப்பு விதைக்குள் ஒளிந்திருக்கும். பழத்தை அறுத்துப் பார்த்து விதையை நம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பழுத்த பழத்து விதையைச் சாம்பலில் தேய்த்து, மேலுள்ள வழவழப்பான உறையை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். அந்த உறை இருந்தால் முளைப்பு தடைபடும்.

இனி குழிக் கணக்கு. பூ தெரிந்ததும் குழிக்கு ஓர் இருபால் மரத்தை நிறுத்தி மற்றதைக் கழிப்பதுதான் நோக்கம். இருபால் பூவின் சொந்த மகரந்தத்தில் உண்டான விதையில் இரண்டு ஒய் சேர்ந்த கரு, நான்கில் ஒரு பங்கு, பிழைக்காது. மிஞ்சுவதில் மூன்றில் இரண்டு இருபால், ஒன்று பெண். குழிக்கு ஒரு நாற்று வைத்தால் 100 குழியில் சுமார் 33 பெண் மரம். இரண்டு வைத்தால் இருபால் மரமே இல்லாத குழி சுமார் 11. மூன்று வைத்தால் 4. அதனால் மூன்று வையுங்கள்.

கோ 2, கோ 8 ஆண், பெண் தனித்தனி ரகங்கள், பாதிக்குப் பாதி. அங்கே மூன்று வைத்தாலும் 12, 13 குழியில் ஆண் மட்டுமே நிற்கும். நான்கு வைத்தால் 6 குழி. 20 பெண்ணுக்கு ஓர் ஆண் வேண்டும் என்பதால் அந்த 6-இல் ஐந்தை விட்டுவைக்கலாம்.

நாற்றின் வேரையோ இலையையோ பார்த்து ஆண், பெண் சொல்ல முடியாது. பூ தெரிந்த பிறகே கழியுங்கள். கழிப்பதைப் பிடுங்காமல் அடியோடு அறுத்துவிடுங்கள். பிடுங்கினால் நிற்கும் மரத்தின் வேரும் அறும்.