ஃப்ளட்டர் ஆப்பில் பட்டன் நேவிகேஷன் பாருக்கு அடியில் போய்விட்டதா?

ஃப்ளட்டரில் (ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆப்கள் எழுத உதவும் கருவி) எழுதி நான் பார்த்துக்கொள்ளும் கடைக்கணக்கு ஆப் ஒன்று பழைய போன்களில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஆண்ட்ராய்டு 15 போனில் போட்டதும் 'சேமி' பட்டன் பாதி நேவிகேஷன் பாருக்குள் (திரையின் அடியில் பின்செல், ஹோம் பட்டன்கள் இருக்கும் பட்டை) புகுந்துகொண்டது. 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15, டார்கெட் எஸ்டிகே 35 (ஆண்ட்ராய்டு 15க்காகக் கட்டியது என்று ஆப் சொல்லும் எண்) வைத்த ஆப்களைத் திரையின் விளிம்புவரை வரைய வைக்கிறது. ஃப்ளட்டரும் 3.27 முதல் அதற்கேற்ப மாறிவிட்டது.

பலர் செய்வது, அடியில் 48 என்று ஒரு பேடிங் (ஓர இடைவெளி) போட்டு முடித்துவிடுவது. மூன்று பட்டன் உள்ள போனில் அது பொருந்தலாம். ஜெஸ்சர் வைத்திருப்பவருக்கு வெற்றிடம்தான் தெரியும். எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது போனுக்குத் தெரியும், அதனிடமே கேட்டுவிடலாம்.

1. எது எதன் மேல் ஏறுகிறது?

ஃப்ளட்டர் டெவ்டூல்ஸின் இன்ஸ்பெக்டரில் 'ஷோ கைட்லைன்ஸ்' போட்டுப் பாருங்கள். மஞ்சள்-கறுப்புப் பட்டை வந்தால் அது ஓவர்ஃப்ளோ (உள்ளே இருப்பது இடத்தைத் தாண்டுவது), வேறு பிரச்சினை. எமுலேட்டரைவிட கையில் இருக்கும் போனையே நம்புவேன். செட்டிங்ஸில் ஜெஸ்சர், மூன்று பட்டன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிடலாம்.

2. ஸ்டாக்கை எடுங்கள்

ஸ்டாக் என்பது விட்ஜெட்களை (திரையின் உறுப்புகளை) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. அதில் கடைசியாக எழுதிய விட்ஜெட் எல்லாவற்றுக்கும் மேலே வரையப்படும். அடியில் ஒரு பட்டனை நிறுத்த ஸ்டாக்கும், அதற்குள் இடம் குறிக்கும் பொசிஷன்டும் எதற்கு? 'காலம்' (Column, மேலிருந்து கீழாக அடுக்குவது) ஒன்று போட்டு, பட்டியலை எக்ஸ்பேண்டடுக்குள்ளும் (மீதி இடத்தை நிரப்புவது) பட்டனை சேஃப்ஏரியாவுக்குள்ளும் (பார்களுக்கு இடம் விடுவது) வையுங்கள். போதும்.

3. பட்டியலின் கடைசி வரி

பட்டன் இல்லாமல் பட்டியல் அடிவரை போகும் திரைகளில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். லிஸ்ட்வியூவுக்கு நாம் பேடிங் எதுவும் கொடுக்காவிட்டால், அது மீடியாகுவெரியிடம் (திரை அளவு, பார் உயரம் போன்றவற்றைச் சொல்வது) கேட்டுத் தானாகவே அடியில் இடம் விட்டுக்கொள்ளும். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று சுற்றிலும் 16 கொடுத்தோமோ, அந்தத் தானியங்கி இடம் போய்விடும். எரர் வராது, எச்சரிக்கை வராது. கடைசி வாடிக்கையாளரின் பாக்கித் தொகை மட்டும் பாருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

அடிப்பக்க பேடிங்கை மட்டும் 16 கூட்டல் 'மீடியாகுவெரி.பேடிங்ஆஃப்(கான்டெக்ஸ்ட்).பாட்டம்' என்று மாற்றுங்கள். மிதக்கும் பட்டனும் இருந்தால் 16க்குப் பதில் 88: பட்டன் 56, அதன் கீழே 16, மேலே 16. லிஸ்ட்வியூ முழுவதையும் சேஃப்ஏரியாவில் சுற்றினாலும் வேலை நடக்கும்தான். ஆனால் வரிகள் பாருக்கு மேலேயே வெட்டுப்பட்டு, அடியில் ஒரு வெற்றுப் பட்டை நிற்கும். எனக்குப் பிடிக்காது.

4. கீபோர்டு

கீபோர்டு வந்தால், சாதாரணத் திரைகளில் ஸ்காஃபோல்டே (திரையின் அடிப்படைச் சட்டகம்) பாடியைச் சுருக்கிக்கொள்ளும். யாராவது 'ரீசைஸ்டுஅவாய்ட்பாட்டம்இன்செட்' என்பதை ஃபால்ஸ் ஆக்கியிருந்தால் அதை நீக்குங்கள்.

பாட்டம் ஷீட் (அடியிலிருந்து மேலெழும் பலகை) அப்படியல்ல. அதற்கு 'இஸ்ஸ்க்ரோல்கன்ட்ரோல்ட்' ட்ரூ ஆக வேண்டும். உள்ளே இருப்பதைப் பேடிங்கில் சுற்றி, அடிப்பக்கத்துக்கு 'மீடியாகுவெரி.வியூஇன்செட்ஸ்ஆஃப்(கான்டெக்ஸ்ட்).பாட்டம்' தர வேண்டும். அந்த கான்டெக்ஸ்ட் (விட்ஜெட் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்வது), ஷீட்டின் பில்டர் தருவதாக இருக்கட்டும். ஸ்காஃபோல்டின் பாடிக்குள் இருக்கும் கான்டெக்ஸ்டைக் கொடுத்தால் 0 தான் வரும், ஏனென்றால் கீபோர்டின் உயரத்தை ஸ்காஃபோல்டு ஏற்கெனவே கழித்துவிட்டிருக்கும்.

பின்சேர்க்கை: 'ஆங்கிலத்தில் சரியாக இருக்கிறது, தமிழுக்கு மாற்றினால் பட்டன் எழுத்து வெட்டுப்படுகிறது' என்று சிலர் கேட்டிருந்தார்கள். இதற்கும் நேவிகேஷன் பாருக்கும் சம்பந்தமில்லை. 'சேமித்து வெளியேறு' இரண்டு வரியாக மடியும். 40 உயரம் என்று கட்டிப்போட்ட சைஸ்டுபாக்ஸில் இரண்டாவது வரிக்கு இடமில்லை. உயரத்தை எடுத்துவிட்டு கன்ஸ்ட்ரெய்ண்ட்பாக்ஸில் 'மின்ஹைட்' (குறைந்தபட்ச உயரம்) மட்டும் வையுங்கள். அப்புறம் போன் செட்டிங்ஸில் எழுத்தளவை முழுதாக ஏற்றிவிட்டு ஒவ்வொரு திரையையும் திறந்து பாருங்கள். ரோவுக்குள் (பக்கவாட்டு வரிசை) இருக்கும் நீளமான பெயர்கள் அப்போதுதான் மாட்டும். அவற்றுக்கு ஃப்ளெக்ஸிபிள் போட்டால் சரி.